இருபத்தைந்து முதல் ஐந்நூறு வரை

துலூத் நகரில் ஏரி உறைந்த வாரம்.
மருந்துக் கடைக் கல்லாவில்
இரவு ஷிப்டுக்கு நான் ஒருத்தி.
இருமல் மருந்து, படியில் தூவும் உப்பு,
பாதி விலைக்கு இறங்கிவிட்ட கிறிஸ்துமஸ் விளக்குகள்,
அப்புறம் பரிசு அட்டைகள் தொங்கும்
அந்தச் சுழலும் கம்பி மரம்.

அதன் முன்னால் நாற்பது நிமிடமாக
ஒரு மனிதர்.
பனி அள்ளும் லாரி ஓட்டுபவர்.
வண்டியை வாசலிலேயே விளக்கோடு விட்டிருந்தார்.
சுற்றினார். நிறுத்தினார்.
நிறுத்திய கையைத் தானே நம்பாமல்
மறுபடி சுற்றினார்.

"பன்னிரண்டு வயசுப் பொண்ணுக்கு
என்னங்க பிடிக்கும்?"

எந்தப் பொண்ணுக்கு என்று வாய்வரை வந்தது.
முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.
"என் டெஸ்ஸாவுக்குத் திங்கட்கிழமை நகப்பூச்சு,
புதன்கிழமை வௌவால்."
அவர் சிரிக்கவில்லை.
எங்கோ குறித்துக்கொள்பவர் போல
மெல்லச் சொல்லிப் பார்த்தார்: வௌவால்.

கம்மல் கடை அட்டையை எடுத்தார்.
"காது குத்தியிருக்காளோ என்னமோ."
வைத்துவிட்டார்.
வீடியோ கேம் அட்டை.
"அவகிட்ட எந்த மெஷின்?"
அதையும்.
துணிக்கடை அட்டை.
அளவு தெரிய வேண்டாம், அதுதானே இதில் வசதி;
இருந்தும் அளவு தெரியாதவன் என்று
அதன் முதுகில் அச்சடித்திருப்பதுபோல்
சட்டென்று மாட்டினார்.
புத்தகக் கடை மட்டும்
கொஞ்ச நேரம் கையில் இருந்தது.
"எட்டு வயசுல படிப்பா. மேசைக்கு அடியில உக்காந்து."
எட்டு வயதின் உயரத்தை இடுப்பருகே காட்டினார்.
பிறகு கை மேலே போனது,
எங்கே நிற்பதென்று தெரியாமல்
காற்றில் அப்படியே நின்றது.

"நான் அப்பா இல்ல.
அவ அம்மாவோட ஆறு வருஷம் இருந்தவன்."

கேட்காத கேள்விக்கு வந்த பதிலை
எங்கே வைப்பது?
சூயிங்கம் பெட்டிகளை நேராக அடுக்கினேன்.

கடைசியில் அவர் கொண்டுவந்தது
யாரும் சிறுமிக்கு வாங்காத ஒன்று.
ஆணி, ஏணி, குழாய், பெயின்ட் விற்கும் கடையின் அட்டை.
"அவ ரூமுக்கு மஞ்சள் அடிச்சது நான்தான்.
அது சின்னப் பிள்ளைங்க கலர்.
மேல வேற அடிச்சுக்கட்டும்."
இருநூறு டாலர் என்றார்.
ஒரு சுவருக்கு அவ்வளவு வேண்டாம் என்று
நான் சொல்லவில்லை.

நூறுக்கு மேல் போனால் கேட்டாக வேண்டும்.
கல்லாவில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்,
ஏமாற்றுக்காரர்களுக்குப் பயந்து.
மனப்பாடமாக ஒப்பித்தேன்:
"இதை வாங்கச் சொல்லி
யாராவது உங்களுக்கு போன் பண்ணாங்களா?"

"இல்லைங்க," என்றார்.
"யாரும் பண்ணல."
கொஞ்சம் கழித்து,
விதி இன்னும் கேட்டுக்கொண்டிருப்பதுபோல்,
"ரொம்ப நாளா."

ஸ்கேனர் ஒருமுறை கூவியது.
அதுவரை அது வெறும் பிளாஸ்டிக்.
ஏற்றிய பிறகு திருப்பித் தர முடியாது,
அதையும் சொல்லியாக வேண்டும், சொன்னேன்.
தெரியும் என்றார்.

உறைக்குப் பேனா கேட்டார்.
யாருக்கு என்ற இடத்தில்
பிரின்லி என்று பெரிய எழுத்தில் எழுதினார்,
வரி போதாமல் கடைசி எழுத்து சரிந்தது.
யாரிடமிருந்து என்ற இடத்தில்
பேனா முனை தொட்டது, ஒரு புள்ளி வைத்தது,
எழுந்தது.
"வண்டியில எழுதிக்கிறேன்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே
நீல விளக்கு சுழன்றபடி லாரி நகரவே இல்லை.
ஊர்ப் பனியெல்லாம் அள்ளுகிற வண்டியின்மேல்
பனி ஏறிக்கொண்டிருந்தது.
ஒருவர் வயிற்றுவலி மாத்திரை வாங்கிப் போனார்.
ஒருத்தி டயபர்.
பிறகு பார்த்தபோது இடம் காலி,
சக்கரத் தடம் மட்டும் கறுப்பாக.

என் பேனாவும் போய்விட்டது.
மீதி இரவு முழுக்க
கையெழுத்துப் போட வந்தவர்களுக்கு
பென்சில்தான் கொடுத்தேன்.